உப்புப் பாதையில் இரண்டு நாள்

மடு மாதா திருவிழாக் கூட்டத்தில் ஒருநாளும் என் கையை விடாத அன்ரன் அண்ணைக்கு,

நீங்கள் செத்துப்போனீர்கள் என்று எழுதித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. உங்களைப் பற்றிக் கதைக்கும்போது அம்மா 'அவன் வந்தால்' என்றுதான் தொடங்குவா. வருகிற மரித்தோர் திருநாளுக்கு இங்கே கோயிலில் ஒரு நினைவு மலர் அடிக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றி வீட்டுக்காரர் ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று பங்குச் சுவாமி சொன்னார். நான் எழுதுவது ஒரு பக்கத்துக்குள் அடங்காது. ஆனாலும் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். எங்கடை சனம் எல்லாம் வாசிக்கட்டும்.

முதலில் இங்கத்தைய புதினம். நான் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் இருக்கிறேன். குருநகர்ப் பெடியன் சேவியரைக் கட்டினேன். அவருக்கு லாசாலில் மட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள், தங்களுக்குள் பிரெஞ்சில்தான் சண்டை பிடிக்கிறார்கள். உங்கள் செல்லத் தம்பி ராஜன் இதே நகரில் அஹுன்ட்சிக்கில் இருக்கிறான், தலையில் பாதி மயிர் போய்விட்டது. சமாதானம் வந்து பாதை திறந்தபோது அம்மாவைக் கூப்பிட்டோம். நாலு வருடமாக எங்களோடுதான் இருந்தா.

எங்கள் வீட்டு ஹோலில் விரித்துப் படுக்கிற சோபா ஒன்று கிடக்கிறது. அதில் விருந்தாளிகளைப் படுக்க அம்மா விடமாட்டா. 'அன்ரன் வந்தால் எங்கை படுக்கிறது' என்று கேட்பா. முதல் பனி விழுகிற நாளில் ஜன்னலடியில் நின்று, 'அவன் குளிர் தாங்கமாட்டான்' என்பா. நான் பக்கத்தில் நின்று, 'ஓம் அம்மா' என்பேன்.

எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கிழடுகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுகிற வேலை. அங்கே பாதிப்பேர் இத்தாலிக்காரர். கோப்பையை 'இங்கே வை' என்பதற்கு 'மெற்றி குவி' என்பார்கள். வீட்டில் நீங்களும் அம்மாவும் கூப்பிடுகிற என் பெயர்தான் அவர்கள் மொழியில் 'வை' என்று அர்த்தமாம். வேலைக்குப் போன முதல் கிழமை ஒரு கிழவி என்னைப் பார்த்து 'மெற்றி, மெற்றி' என்றபோது, என் பெயர் இவவுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப்போய் நின்றேன். பேந்து எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

இனி உங்கள் கதை. இங்கே எல்லோருக்கும் நான் சொன்ன கதையை முதலில் சொல்கிறேன். இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு மலையால் நடந்தோம். வழியில் அண்ணைக்குக் கால் சுளுக்கிவிட்டது. 'நீ போ மெற்றி, நான் ஆறுதலாப் பின்னாலை வாறன்' என்றார். எனக்கு விருப்பமில்லை, அவர்தான் பேசித் துரத்தினார். பேந்து அவரைப் பொலிஸ் பிடித்திருக்கும். அகதி விசாரணையில் இதைச் சொன்னபோது மொழிபெயர்த்த அக்கா கண்ணைத் துடைத்தா. கோயில் ஒன்றுகூடலில் சொன்னபோது, அப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அத்தனை வருடமும் அந்தக் கதையில் நான் சுகமாக இருந்தேன் அண்ணை.

இந்த வருடம் கோயிலால் உரோமைக்கும் லூர்துக்கும் யாத்திரை போனார்கள். நானும் பெயர் கொடுத்தேன். லூர்தில் உங்களுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி அம்மா தன் கையால் திரி வாங்கித் தந்தா. இடையில் நீஸ் நகரில் இரண்டு நாள் தங்கல். முன்பு தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, ரயிலில் எல்லை தாண்டி, பஸ் பிடித்து மலைக்கு ஏறினேன். பாஸ்போர்ட்டைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. ஊரின் பெயர் எனக்கு மறக்கவில்லை. நாங்கள் ஒளிந்திருந்த குடிசையில் கிடந்த ஒலிவெண்ணெய்த் தகரத்தில் நீங்கள்தான் எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள்: பியெத்ராசேரா.

நாலு நாள் அந்த ஊரை மேலே இருந்து பார்த்தோமே. கஷ்கொட்டை காயப்போடுகிற கற்குடிசைக்குள் ஆறு பேர், நெருப்பு மூட்டக்கூடாது, சத்தமாகக் கதைக்கக்கூடாது. பனிப்புகார் இறங்கினால்தான் மலை கடக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போகிறவன் சொல்லியிருந்தான். இந்தமுறை நான் அந்த ஊருக்குள்ளே நடந்தேன். கல்வீடுகள் ஒன்றின் தோளில் மற்றது ஏறி நிற்கின்றன. ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கம். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே தலைக்கு மேலே கல் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள், பூமி அதிர்ந்தால் ஒரு வீடு மற்ற வீட்டைத் தாங்கிக்கொள்ளுமாம். கோயில் படியில் நின்றால், ஒலிவ் மரத் தட்டுகளுக்கு அப்பால் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. அழகான ஊர். அது அழகாக இருந்தது எனக்குக் கோபமாக இருந்தது.

சதுக்கத்தில் ஒரு பலகை. ஊரைச் சுற்றி ஐந்து நடைகள். நாலாவது நடையின் பெயர் உப்புப் பாதை. மூன்றரை மணித்தியாலம், நடுத்தரக் கடினம், மேலே நல்ல காட்சி, நாய்களைக் கூட்டிச் செல்லலாம். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பாதையைச் சிறிய படமாகப் போட்டிருந்தார்கள். வளைந்து வளைந்து ஏறி எல்லைக் கணவாயில் முடிகிற அந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடு. நாங்கள் நடந்த பாதைதான்.

இரவு அந்த ஊரிலேயே தங்கினேன். காலையில் அந்த நடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருவர் வந்தார். ஜியாக்கோமோ. எழுபது தாண்டியவர், முன்பு ஊர் பஸ் ஓட்டினவர், தொப்பி போட்ட மெலிந்த மனிதர். பிரெஞ்சு நன்றாகக் கதைத்தார். என்னோடு ஒல்லாந்துக் கணவன் மனைவி இரண்டு பேர். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், மொன்றியல் என்றேன். தன் மச்சான் ஒருவன் அங்கே போய்ச் செத்துப்போனான், பனி வழிக்கிற வேலை செய்தவன் என்றார்.

அவருக்குத் தன் ஊரென்றால் பெருமை. நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து கரையைவிட்டு மலைக்கு ஏறினவர்கள் கட்டின ஊர். உப்புக்கு வரி போட்ட காலத்தில் கோவேறு கழுதைகளில் உப்பேற்றி இந்தப் பாதையால் களவாக மலை கடத்தினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் வெளியாட்கள் ஊருக்குள் வரக்கூடாது, ஆனால் ஊர் எல்லைச் சிறு கோயிலில் அவர்கள் தங்கலாம், அங்கே ஒரு கல்லில் அவர்கள் தின்னத் தினமும் பாண் வைத்தார்கள். அந்தக் கல்லைத் தொட்டுக் காட்டினார். உலக யுத்தத்தில் தப்பி ஓடினவர்களை இந்த ஊர்ப் பெண்கள் விறகு பொறுக்கப் போகிற மாதிரிக் கூட்டிக்கொண்டு போய் அந்தப்பக்கம் விட்டார்கள். அதற்குச் சதுக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. 'வந்தவனை இந்த ஊர் கைவிட்டதில்லை' என்றார். ஒல்லாந்துக்காரி நல்லது, நல்லது என்று தலையாட்டினா.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்குகிற இடத்தில் நின்றார். சாய்ந்த கரும்பாறை. நான் அதைப் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு தடவை மட்டும் கைவிட்டோம் என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வருடம் ஒரு கிழமையாகப் புகார் விலகவில்லை. மேலே இருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. இந்த மலை சத்தத்தை அப்படியே கீழே கொண்டுவந்து போடும், ஊர் முழுக்கக் கேட்டது. 'மெற்றி, மெற்றி' என்று கேட்டது. யாரோ இடிந்த மதிலுக்குக் கல் அடுக்குகிறார்கள், ஒருவன் மற்றவனுக்கு வை, வை என்கிறான் என்று நினைத்தோம். அடுத்த நாளும் கேட்டது. இந்தக் குளிருக்குள்ளும் வேலை செய்கிறார்களே என்று என் மனைவி சொன்னாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்."

நேராகத்தான் நின்றேன். ஒல்லாந்துக்காரி, அது யார் என்று கேட்டா. ஓர் இந்தியன் என்றார் ஜியாக்கோமோ, இந்தியன் என்றுதான் நினைக்கிறோம், பையில் ஒரு காகிதமும் இல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு வேட்டை நாய்கள் கண்டுபிடித்தன. கால் எலும்பு வெளியே வந்திருந்தது. விழுந்தது இந்த இடத்தில், இங்கே இரத்தம் இருந்தது. கிடந்ததோ மேலே, கணவாய்க்குக் கிட்ட.

"கீழே ஊர்ந்திருந்தால் எங்கள் கடைசி வீட்டுக்கு வந்திருப்பான்" என்றார். "ஊர் மணிகூட அவனுக்குக் கேட்டிருக்கும். மேலே ஏன் போனான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை."

ஒல்லாந்துக்காரர் பாறையைப் படம் எடுத்தார்.

மேலே ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அன்றைக்கு நீங்கள் வழுக்கி விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டிக்கொண்டு போனவன் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். ஒரு சிகரெட் பற்றி முடிகிற மட்டும் நின்றான், பேந்து நடந்தான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் முகம் சாம்பலாக இருந்தது.

"விட்டிட்டுப் போகாதை மெற்றி" என்றீர்கள். இரண்டு தரம் சொன்னீர்கள்.

நான் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சின்னவிரலிலிருந்து தொடங்கினேன், அதுதான் லேசு. 'மேலை போய் ஆளை அனுப்பிறன் அண்ணை' என்றேன். புகாருக்குள் அவர்கள் முதுகு மறையப் பார்த்தது. நான் ஓடினேன்.

அந்தப்பக்கம் இறங்கினபோது ஒரு பேக்கரி திறந்திருந்தது. வாசலில் பொலிஸ்காரர் இரண்டு பேர் நின்று கோப்பி குடித்தார்கள். எங்களை ஏற்றுகிற வான் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்றது. எனக்கு மொழி தெரியாதுதான். ஆனால் மலையைக் கையால் காட்டினால் போதும். ஒரு கை தூக்கியிருந்தால் போதும் அண்ணை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். வானில் ஏறினேன். அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். பாரிசில் எனக்குச் சுடுதண்ணீரில் குளிக்கக் கிடைத்தபோதும் உயிரோடு இருந்தீர்கள்.

ஆளை அனுப்புவேன் என்று நம்பித்தானே, வருகிறவர்களுக்குக் கிட்டவாகப் போக வேண்டும் என்று மேலே ஊர்ந்தீர்கள்? நான் ஒருத்தரையும் அனுப்பவில்லை என்று எப்போது விளங்கியது உங்களுக்கு? முதல் நாளா, இரண்டாம் நாளா? விளங்கின பிறகும் என் பெயரையா கூப்பிட்டீர்கள்?

கீழே இறங்கின பிறகு, அந்த மனிதனைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி ஜியாக்கோமோவிடம் கேட்டேன். மயானம் இந்த நடையில் சேராதே என்று யோசித்தார், பேந்து கூட்டிக்கொண்டு போனார். சவுக்கு மாதிரி உயர்ந்த கறுத்த மரங்களுக்கு நடுவே சுத்தமான மயானம். சுவரோரமாக ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். அதில் வேறொரு கிழவியின் பெயரும் படமும் இருந்தன. உரிமைக்காரர் வராத குழியைப் பத்து வருடத்தில் திறந்து எலும்பை எடுத்துவிடுவார்களாம். மூலையில் ஓர் இரும்பு மூடி. அதற்குக் கீழே பொதுக் கிடங்கு. 'இதற்குள்தான், எல்லோரோடும்' என்றார். ஐந்து வருடத்துக்கு முன்னர் வந்திருந்தால் குழி இருந்திருக்கும். என்ன மதமென்று தெரியாதபடியால் சிலுவை வைக்கவில்லை என்றும் சொன்னார், சரியோ பிழையோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

பேந்து அவர் என் பெயரைக் கேட்டார்.

"மெற்றில்டா. வீட்டில் மெற்றி" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினபோது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். அந்த மனிதர் என் அண்ணை என்று சொன்னேன். இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். அந்த இடத்தில் முழு உண்மையையும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "நீங்கள் போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டு நாள் இருந்தது."

"ஓம் மதாம்" என்றார் அந்தக் கிழவர். வாய் திறந்தபடி சத்தமில்லாமல் அழுதார். நான் அவரை அப்படியே விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் என் மனம் லேசாக இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன். சுமையை ஒருவர் தலையில் மாற்றிவிட்ட சுகம்.

லூர்தில் அம்மா தந்த திரியை ஏற்றினேன். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று ஏற்றச் சொன்ன திரி. விமான நிலையத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி, 'திரி ஏத்தினியோ?' ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு வேலையில் எனக்கு ஏலாமல் போயிற்று. காலையில் ஒரு கிழவர் தண்ணீர்க் கிளாசைக் காட்டி 'மெற்றி' என்பார். நான் அறைக்கு வெளியே போய் நின்று மூச்சுவிட்டு வருவேன். அந்தச் சொல்லை ஒருநாளில் எத்தனை வாய் சொல்கிறது! மூன்று கிழமை பொறுத்தேன். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பேக்கரி வாசல் வரைக்கும்.

அம்மா அழுது குழறுவா என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டா.

"எத்தினை நாள் கிடந்தவன்?"

"ரெண்டு நாள்."

"கூப்பிட்டவனோ?"

"ஓம். என்ரை பேரை."

பேந்து மிக மெல்லக் கேட்டா. "அம்மா எண்டு கூப்பிடேல்லையோ?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் நான் அவவுக்குச் செய்திருக்கக்கூடிய நன்மை. ஆனால் எனக்குப் பொய் அலுத்துப்போயிருந்தது. 'அந்த மனுசன் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா' என்றேன்.

அம்மா மிச்ச மீனையும் வெட்டிக் கழுவிக் குழம்பு வைத்தா. பிள்ளைகளுக்கு முள் எடுத்துத் தீத்தினா. பேந்து ராஜனுக்கு ரெலிபோன் எடுத்து, வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா. வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னா: "நீ விழுந்திருந்தா அவன் உன்னை விட்டிட்டு வந்திருக்கமாட்டான். நாலு வருசம் உன்ரை கையாலை வாங்கித் திண்டிருக்கிறன்." அவ்வளவுதான். அஹுன்ட்சிக் போய் இரண்டு மாதமாகிறது. நான் எடுத்தால் ராஜன்தான் கதைக்கிறான். சேவியர், எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம் என்று ஒரு தரம் சொன்னார், பேந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அம்மா சொன்னது சரி அண்ணை. நீங்கள் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டீர்கள். இரண்டு பேரும் அந்த மலையில் செத்திருப்போம், அல்லது இரண்டு பேரும் பிடிபட்டு உயிரோடு திரும்பியிருப்போம். இதை எத்தனை விதமாகக் கணக்குப் போட்டாலும், ரியூட்டறியில் கணிதம் படிப்பித்த உங்களாலும் எனக்குச் சாதகமாக ஒரு விடை எடுக்க முடியாது.

ஜியாக்கோமோவுக்குப் பிரெஞ்சில் எழுதிவிட்டேன். வைத்தியருக்கு எழுதுகிற மாதிரிச் சுருக்கமாக எழுதினேன். உங்கள் பெயர், ஊர், நீங்கள் வேதக்காரர் என்பது, உங்களை அங்கே விட்டுவிட்டு வந்தது யார் என்பது. நேற்றுப் பதில் வந்தது. நடுங்கின எழுத்து. நான் எழுதினதற்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஆனால் தானும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போகாததை என் கடிதம் மாற்றாது என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பாதையால் இனி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவதில்லையாம். அந்த மனிதனின் கடைசிக்கால நடையையும் நான்தான் கெடுத்திருக்கிறேன்.

மரித்தோர் திருநாள் பூசையில் முதல் தரமாக உங்கள் பெயர் செத்தவர்களோடு வாசிக்கப்படும். அம்மா வேறு வரிசை வாங்கில் இருப்பா. இந்த மலரும் அன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கும். என்னோடு கதைக்கிறவர்கள் கதைக்கட்டும், விடுகிறவர்கள் விடட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். நான் சாகிற வரைக்கும், என் பிள்ளைகள் கேட்டாலும் பேரப்பிள்ளைகள் கேட்டாலும், அந்த மலையில் மாமா என்ன சொன்னவர் என்று யார் கேட்டாலும், இதைத்தான் சொல்வேன்: விட்டிட்டுப் போகாதை எண்டு சொன்னவர். ரெண்டு தரம் சொன்னவர். எனக்கு வடிவாக் கேட்டது.

உங்கள் ஒரே தங்கச்சி,
மெற்றில்டா